லெடன் போனார், வால்ஷ் வந்தார்: ‘ஹோட்டல் கலிபோர்னியா’வில் கன்ட்ரி மிச்சம் இருக்கிறதா?

கேசட்காலம்:
இந்த முறை கேட்க எடுத்திருக்கும் ஆல்பம் அமெரிக்க பேண்டான ஈகிள்ஸின் ‘ஹோட்டல் கலிபோர்னியா’. 1976 டிசம்பர் 8 வெளியீடு, அசைலம் நிறுவனம். முன்கதை இரண்டு வரியில்: முதல் நான்கு ஆல்பங்களிலும் பேஞ்சோ, மேண்டலின், பெடல் ஸ்டீல், டோப்ரோ என்று அமெரிக்க நாட்டுப்புற இசையான கன்ட்ரியின் தந்தி வாத்தியம் எதைக் கொடுத்தாலும் வாசித்த பெர்னி லெடன் 1975 டிசம்பரில் விலகினார். அதே மாதம் ஜேம்ஸ் கேங் என்ற ராக் பேண்ட் புகழ் கிட்டார்காரர் ஜோ வால்ஷ் உள்ளே வந்தார். ஆள் மாறியபின் வந்த முதல் ஸ்டுடியோ ஆல்பம் இதுதான்.

‘லெடனோடு கன்ட்ரியும் போச்சு, இது வெறும் ராக் பேண்ட்’ என்று ஒரு கட்சி. ‘போனதே நல்லது’ என்று இன்னொரு கட்சி. எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, எந்தப் பாட்டில், எந்த வாத்தியத்தில், எந்த இடத்தில் என்று காட்டிப் பேசவும். டைட்டில் பாட்டை மட்டும் கேட்டுவிட்டு வருகிறவர்கள் மீதி எட்டையும் கேட்டுவிட்டு வரவும்.

பன்னிரு தந்தி:
கேள்வியிலேயே தேதி தப்பு. கன்ட்ரி போனது 1975-ல் இல்லை, 1974-ல்.

முதல் இரண்டு ஆல்பமும் லண்டனில், க்ளின் ஜான்ஸ் தயாரிப்பு. அவருக்கு இவர்கள் ராக் பேண்டாகவே தெரியவில்லை. குரல் இசைவும் அக்கூஸ்டிக் கிட்டாரும்தான் இவர்களுடைய பலம் என்பது அவர் கணக்கு. மூன்றாவது ஆல்பமான ‘ஆன் தி பார்டர்’ அவரோடுதான் தொடங்கியது. பேண்டின் க்ளென் ஃப்ரைக்கும், டிரம்ஸ் வாசித்துப் பாடும் டான் ஹென்லிக்கும் கனமான ஒலி வேண்டும். பாதியில் ஜான்ஸை விட்டுவிட்டு பில் சிம்சிக்கிடம் போனார்கள். அந்த சிம்சிக் யார்? ஜேம்ஸ் கேங் ஆல்பங்களைத் தயாரித்தவர். அதாவது வால்ஷின் ஆள். வால்ஷ் வருவதற்கு ஒன்றரை வருஷத்துக்கும் மேல் முன்பே வால்ஷின் ஒலி வந்து உட்கார்ந்துவிட்டது.

அதே ஆல்பத்தில்தான் டான் ஃபெல்டர் ஸ்லைடு கிட்டாரோடு நுழைகிறார். அவர் லெடனுக்கு ஃப்ளோரிடா கெயின்ஸ்வில் காலத்து நண்பர். ஒரே பள்ளிப்பருவ பேண்டில் வாசித்தவர்கள். தன் இடத்தைச் சுருக்கப்போகிற கிட்டாருக்கு வழிகாட்டியவரே லெடன்தான்.

வேடிக்கை என்னவென்றால், ஜான்ஸிடம் எடுத்ததில் இரண்டே பாட்டுதான் அந்த ஆல்பத்தில் மிஞ்சியது. அதில் ஒன்று ‘பெஸ்ட் ஆஃப் மை லவ்’. அதுதான் 1975-ல் அமெரிக்காவில் இவர்களுக்கு முதல் நம்பர் ஒன்.

பாஸ் பாண்டி:
அண்ணே சொல்றது சரி. ஆனா லெடன் கன்ட்ரி மட்டுமே தெரிஞ்ச ஆளு, ராக் பிடிக்காம ஓடினாருங்கிற கதையை அதோட சேத்துக் கட்ட வேண்டாம். அவரே பின்னாடி அதை மறுத்திருக்கார். ராக் ஆளுங்க விரும்புற லெஸ் பால் கிட்டாரும் வாசிச்சவர்தான். ‘விச்சி வுமன்’ ஹென்லியோட சேந்து அவர் எழுதினது. அதுல கன்ட்ரி எங்க இருக்கு?

தாளக்கட்டு:
டிரம்ஸ் பக்கமிருந்து பார்த்தால் ஜான்ஸுக்கும் சிம்சிக்குக்கும் உள்ள தூரம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஜான்ஸ் முறையில் டிரம்ஸுக்கு மூன்று மைக், மிஞ்சினால் நான்கு. ஒன்று ஸ்னேருக்கு நேர் மேலே, சுமார் ஒரு மீட்டர் உயரத்தில். இரண்டாவது ஃப்ளோர் டாமுக்குப் பக்கவாட்டில், ஸ்னேரை நோக்கி. மூன்றாவது பாஸ் டிரம் முன்னால். முக்கியமான விஷயம்: முதல் இரண்டு மைக்கும் ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். கண்ணால் பார்த்து வைத்தால் கெட்டுப்போகும். ஒரு கயிற்றை ஸ்னேர் நடுவில் பிடித்து, முதல் மைக் வரை நீட்டி, அதே நீளத்தை இரண்டாவதுக்கும் பிடித்துப் பார்க்க வேண்டும். சில அங்குலம் பிசகினாலே ஒரே அடி இரண்டு மைக்குக்கும் வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேரும். இரண்டையும் கலக்கும்போது ஸ்னேரின் அடிவயிறு காணாமல் போய், தகர டப்பா சத்தம் மட்டும் மிஞ்சும்.

இந்த முறையில் வாசிப்பவர் தன் கையாலேயே மிக்ஸ் செய்கிறார். ஹை-ஹாட்டை ஓங்கி அடித்தால் பின்னால் யாராலும் குறைக்க முடியாது. 1972 ஆல்பத்தில் காற்றோட்டம் இருக்கிற மாதிரி கேட்பது இதனால்தான்.

‘ஹோட்டல் கலிபோர்னியா’வில் அந்தக் காற்று இல்லை. ஒவ்வொரு டிரம்மும் தனித்தனியாக, வறண்டு, அறையின் எதிரொலி கிட்டத்தட்ட இல்லாமல் கேட்கிறது. குறை என்று சொல்லவில்லை. ஹென்லி பாடிக்கொண்டே வாசிக்கிறவர், அடி குறைவு, இடைவெளி அதிகம். அந்த வாசிப்புக்கு வறண்ட ஒலிதான் பொருந்தும். ஆனால் ஒலி மாறியதற்கு வால்ஷைப் பிடித்துத் திட்டுவதில் அர்த்தம் இல்லை.

கேசட்காலம்:
அப்படியானால் லெடனோடு நிஜமாகவே வெளியே போன ஒலி எது? யாராவது கையில் எடுத்துக் காட்ட முடியுமா?

பன்னிரு தந்தி:
இரண்டு.

முதலாவது பேஞ்சோ. ‘டேக் இட் ஈஸி’யில் பாட்டு நடக்கும் வேகத்துக்கு இரட்டை வேகத்தில் பின்னால் உருளும். ஒரு பாரில், அதாவது ஒரு தாளச் சுற்றில், எட்டு அடி. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்று மூன்று மூன்றாகப் போய், கடைசியில் இரண்டு: 3+3+2. நம் ஊர் காதுக்கு இது புதிதே இல்லை, எட்டை இப்படிப் பிரிப்பது தவில்காரருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்த மூன்றாவது பகுதியின் குறுக்கல்தான் பாட்டை முன்னால் தள்ளுகிறது. ‘ஹோட்டல் கலிபோர்னியா’வில் அந்தத் தள்ளல் எந்தப் பாட்டிலும் இல்லை.

இரண்டாவது பி-பெண்டர். கிளாரன்ஸ் வைட்டும் ஜீன் பார்சன்ஸும் சேர்ந்து செய்த கருவி. கிட்டார் தோள்வாரின் குமிழை ஒரு ஸ்பிரிங் நெம்புகோலோடு இணைத்திருப்பார்கள். கிட்டார் கழுத்தைக் கீழே அழுத்தினால் வார் இழுபட்டு, இரண்டாம் தந்தி மட்டும் ஒரு முழு ஸ்வரம் மேலே ஏறும். மற்ற தந்திகள் அசையாது. ‘பீஸ்ஃபுல் ஈஸி ஃபீலிங்’கில் லெடன் வாசிக்கும் இழுவை இதுதான். பெடல் ஸ்டீல் என்று பலர் நினைக்கிறார்கள்.

கருவி இல்லாதவர்கள் பார்க்க ஒரு எளிய இடம்: ஏ மேஜரில், மூன்றாம் தந்தி 14-ம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் கட்டம்) மோதிர விரல், இரண்டாம் தந்தி 12-ல் ஆள்காட்டி விரல். இரண்டையும் சேர்த்து மீட்டி, இரண்டாம் தந்தியை மட்டும் ஒரு முழு ஸ்வரம் ஏற்ற வேண்டும். பி-யிலிருந்து சி ஷார்ப். இரண்டு இடத்தில் சொதப்பும். ஆள்காட்டி விரலுக்கு வலு போதாமல் முக்கால் ஸ்வரத்தோடு நின்றுவிடும், அழுகைக்குப் பதில் அபஸ்வரம்தான் வரும். ஸ்ட்ராட் மாதிரி மிதக்கும் பிரிட்ஜ் உள்ள கிட்டாரில் ஒரு தந்தியை இழுத்தால் பிடித்து வைத்திருக்கும் மற்றது இறங்கிவிடும். டெலிகாஸ்டர் மாதிரி இறுகிய பிரிட்ஜ்தான் இதற்குச் சரி.

மேளகர்த்தா72:
எல்லாரும் சுற்றிச் சுற்றி ஓடுகிறீர்கள், டைட்டில் பாட்டுக்கு வரலாமா? அதன் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) வரிசையைக் கன்ட்ரி என்று எந்தக் கணக்கில் சொல்ல முடியும்?

பி மைனர், எஃப் ஷார்ப், ஏ, இ, ஜி, டி, இ மைனர், எஃப் ஷார்ப். பாருக்கு ஒரு கார்டு, எட்டு பார். பி-யை ஸட்ஜமாக வைத்துப் பாருங்கள். ரி, க, ம, ப நான்கும் கடைசிவரை மாறுவதில்லை: சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம். மாறுவதெல்லாம் த-வும் நி-யும்தான். எஃப் ஷார்ப் வந்தால் காகலி நிஷாதம். அடுத்த ஏ-யில் உடனே கைசிகி. இ மேஜரில் சதுஸ்ருதி தைவதம். அடுத்த ஜி-யில் சுத்த தைவதம். நடபைரவி, கீரவாணி, கரகரப்பிரியா மூன்றும் எட்டு பாருக்குள் தலைகாட்டிவிட்டுப் போகின்றன.

பாஸ் பாண்டி:
வந்துட்டாருய்யா. ராகம்னு சொல்லிட்டா பாட்டு நமக்கு சொந்தமாயிடுமா?

மேளகர்த்தா72:
ராகம் என்று நான் சொல்லவே இல்லை பாண்டி. ஸ்வரஸ்தானம் சொன்னேன். சோலோ வாசிக்கிறவர்களுக்கு இது பிழைப்பு விஷயம். பி மைனர் பென்டடானிக் என்ற ஐந்து ஸ்வர வரிசையை 7-ம் ஃப்ரெட்டில் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதிலேயே உட்கார்ந்திருந்தால் இரண்டு கார்டில் இடிக்கும். எஃப் ஷார்ப் ஓடும்போது ஏ நிச்சயம் உறுத்தும். அங்கே இரண்டாம் தந்தியில் 10-ஐ விட்டு 11-க்குப் போக வேண்டும், ஏ ஷார்ப். இ மேஜர் ஓடும்போது இரண்டாம் தந்தி 9, ஜி ஷார்ப். இந்த இரண்டு ஸ்வரத்தை மட்டும் சேர்த்துக்கொண்டாலே பாதி சோலோ தானாக அமையும். கோவில் திருவிழா மேடை முதல் கல்லூரிக் கல்ச்சுரல்ஸ் வரை இந்தப் பாட்டு கெடுவது இந்த இரண்டு கார்டில்தான்.

பன்னிரு தந்தி:
இதோடு கேப்போ (எல்லாத் தந்தியையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) விஷயத்தையும் சேர்த்துவிடுகிறேன், நிறையப் பேர் தப்பாகப் பிடிக்கிறார்கள்.

ஃபெல்டர் இந்தப் பாட்டின் டெமோவை, அதாவது மாதிரிப் பதிவை, மாலிபுவில் வாடகை வீட்டில் பதிவு செய்தார். முதலில் இ மைனர். ஹென்லியின் குரலுக்கு அது ஒத்துவரவில்லை, பி மைனருக்கு மாற்றினார்கள். ஆனால் இ மைனர் பிடியில் கிடைக்கும் திறந்த தந்திகளின் கலகலப்பு வேண்டும். அதற்குத்தான் பன்னிரண்டு தந்திக் கிட்டாரில் 7-ம் ஃப்ரெட்டில் கேப்போ. கை பிடிக்கும் வடிவங்கள்: இ மைனர், பி, டி, ஏ, சி, ஜி, ஏ மைனர், பி. கேட்பது பி மைனர் வரிசை.

செய்யும் முறை: கேப்போவை 7-ம் ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டிப் பின்னால் மாட்டுங்கள், இரண்டு கம்பிக்கும் நடுவில் வேண்டாம். மாட்டியபின் மறுபடி டியூன் செய்யுங்கள். பன்னிரண்டு தந்தியில் தடித்த தந்தியும் அதன் பக்கத்து மெல்லிய தந்தியும் கேப்போ அழுத்தத்துக்கு ஒரே அளவில் ஏறாது. ஜோடிகள் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும். கேப்போ இல்லாமல் டியூன் செய்துவிட்டு மேடையில் மாட்டினால் முதல் பாரிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு கிட்டார் இருந்தால் மற்றவர் கேப்போ இல்லாமல் சாதாரண பி மைனர் பாரே கார்டு பிடித்து, ஆஃப்-பீட்டில் குறுக்கி வெட்ட வேண்டும். பாட்டின் தற்காலிகப் பெயரே ‘மெக்ஸிகன் ரெகே’. இரண்டு பேரும் கேப்போ மாட்டிக்கொண்டு ஒரே அர்பெஜியோவை (கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக) வாசித்தால் சத்தம்தான் கூடும்.

கேசட்காலம்:
கடைசி சோலோ பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. வால்ஷ் வந்ததன் பலன் அங்கேதானே?

தாளக்கட்டு:
அங்கேதான். ஃபெல்டர் தொடங்குகிறார், வால்ஷ் எடுத்துக்கொள்கிறார், பிறகு மாற்றி மாற்றி, கடைசியில் இருவரும் சேர்ந்து. ஃபெல்டர் கையில் லெஸ் பால், வால்ஷ் கையில் டெலிகாஸ்டர். லெஸ் பால் பிக்கப்பின் தடித்த நடுப்பகுதி ஒரு பக்கம், டெலிகாஸ்டரின் கூர்மை ஒரு பக்கம். சேர்ந்து வாசிக்கும்போது இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்துபோகாமல் இருப்பது இந்த வித்தியாசத்தால்.

சேர்ந்து வாசிக்கும் இடத்தில் சரக்கு மிக எளிது. ஒவ்வொரு கார்டின் மூன்று ஸ்வரத்தை மேலிருந்து கீழாக உடைத்து உடைத்து இறக்குவது. இரண்டாவது கிட்டார் அதே கார்டின் அடுத்த ஸ்வரத்திலிருந்து தொடங்கும். எளிது என்பதால்தான் கெடும். இருவரில் ஒருவர் ஒரு இழை முந்தினாலும் இசைவு போய்க் குழறல் மட்டும் மிஞ்சும். கார்டு மாறும் முதல் அடியில் இருவர் கையும் ஒன்றாக இறங்குகிறதா என்று முதலில் பாதி வேகத்தில் பழகுங்கள். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 75 அடி அளவு. 40-ல் ஆரம்பித்தால் தப்பில்லை.

ஊசிமுனை:
இந்தப் பாட்டைச் சொல்லும்போது கத்தரியையும் சொல்லியாக வேண்டும். இசைத்தட்டு கேட்கிறவர்கள் ‘ஒரே மூச்சில் வாசித்த மாதிரி இருக்கிறது’ என்பார்கள். மயாமி கிரைடீரியா ஸ்டுடியோவில் எடுத்த பல டேக்குகளிலிருந்து நல்ல பகுதிகளை வெட்டி ஒட்டியது இது. இரண்டு அங்குல மாஸ்டர் டேப்பில் 33 வெட்டு என்று சிம்சிக்கே சொல்லியிருக்கிறார்.

கம்ப்யூட்டர் வெட்டு மாதிரி இது இல்லை. டேப்பை வெட்டினால் அத்தனை டிராக்கும் ஒன்றாகவே வெட்டுப்படும். டிரம்ஸுக்கு ஒரு இடம், கிட்டாருக்கு வேறு இடம் என்று கிடையாது. வெட்டுகிறவர் ரீலைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, பாஸ் டிரம் அல்லது ஸ்னேர் அடி தொடங்கும் இடத்தில் மெழுகுப் பென்சிலால் குறி போடுவார். அடிக்குச் சற்று முன்னால் சாய்வாக வெட்டினால் அடியின் வேகம் ஒட்டை மறைத்துவிடும். காட்டிக்கொடுப்பது சிம்பல். முந்தைய டேக்கில் சிம்பல் இன்னும் கணகணத்துக்கொண்டிருக்கும்போது வெட்டினால் அந்த ஓசை திடீரென்று செத்துப்போகும். டேக்குகளின் வேகமும் இம்மி பிசகாமல் இருக்க வேண்டும். 33 வெட்டு தாங்கியது என்றால் அதில் பாதிப் புகழ் ஹென்லியின் கைக்கும் காலுக்கும் போக வேண்டும்.

எனக்கு இந்தப் பாட்டில் குறை என்றால் இதுதான்: வழவழப்பு. ஜான்ஸ் இதை விட்டுவைத்திருக்க மாட்டார்.

பாஸ் பாண்டி:
வழவழப்பு வேண்டாம்னா ரெண்டாம் பக்கம் ‘விக்டிம் ஆஃப் லவ்’ போடுங்க சார். அஞ்சு பேரும் ஒரே அறையில ஒண்ணா வாசிச்சது. லீட் குரலும் கோரஸ் இசைவும் மட்டும் பின்னால சேத்தது. அதுல அவங்களுக்கு இருந்த பெருமை, இசைத்தட்டோட உள்வட்டத்துலயே அஞ்சு பேர் நேரடி வாசிப்புன்னு செதுக்கி விட்டுருக்காங்க. பழைய அமெரிக்க அச்சு கிடைச்சா லேபிளுக்கும் கடைசி வரிக்கும் நடுவுல, விளக்கைச் சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க, தெரியும்.

ஆனா பாட்டா அது சுமார்தான். ரிஃப் இருக்கு, அதாவது திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துணுக்கு. மெட்டு இல்ல.

கேசட்காலம்:
ரிஃப் என்றால் ‘லைஃப் இன் தி ஃபாஸ்ட் லேன்’. வால்ஷ் விரல் சூடேற்ற வாசித்துக்கொண்டிருந்த துணுக்கு, ஃப்ரை கேட்டுப் பிடித்துப் பாட்டாக்கியது. இந்த ஆல்பத்தில் லெடன் இருந்திருந்தால் பிறந்தே இருக்காத பாட்டு இது ஒன்றுதான் என்பேன். மற்றதெல்லாம் அவர் இருந்தாலும் வந்திருக்கும், வேறு சட்டை போட்டு.

பாஸ் பாண்டி:
இப்ப என் கட்சிக்கு வர்றேன். கன்ட்ரி போகவே இல்ல. ‘நியூ கிட் இன் டவுன்’ கேளுங்க. கிட்டாரை விட்டுட்டு அடியில போற பாஸை மட்டும் கேளுங்க. ராண்டி மைஸ்னர் வாசிக்கிறது எலெக்ட்ரிக் பாஸ் இல்ல, கிடாரோன். மெக்ஸிகோ மரியாச்சி குழுக்கள்ல தொப்பையோட பெருசா ஒருத்தர் தூக்கிப் பிடிச்சிருப்பாரே, அது. ஆறு தந்தி, ஃப்ரெட் கிடையாது. பெரும்பாலும் ரெண்டு தந்தியைச் சேத்து இழுப்பாங்க, ஒரே ஸ்வரம் மேல் ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியும் சேந்து வரும். அதனாலதான் அந்த பாஸ் ‘டும்’னு நின்னு நீளாம, உருண்டையா வந்து சட்டுன்னு அடங்குது.

எலெக்ட்ரிக் பாஸ்ல இதைக் கொண்டு வரணும்னா: பிரிட்ஜ் பக்கம் தந்திக்கு அடியில ஸ்பாஞ்சுத் துண்டு ஒண்ணு செருகுங்க, பிக் வேண்டாம், கட்டைவிரல் சதையால மீட்டுங்க, டோனை முக்கால்வாசி குறைங்க. ஸ்பாஞ்சு தடிச்சாப் போச்சு, ஸ்வரமே தெரியாது. தந்தியைத் தொட்டும் தொடாம இருக்கணும்.

இதே பாட்டுல மின் பியானோவும் ஆர்கனும் யாரு? வால்ஷ். ராக் ஆளுன்னு கொண்டு வந்தவரை கன்ட்ரிப் பாட்டுல பியானோ பக்கம் உக்கார வெச்சிருக்காங்க.

மேளகர்த்தா72:
அந்தப் பாட்டில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இ மேஜரில் ஓடிக்கொண்டிருப்பது நடுவில் ஜி மேஜருக்கு ஏறி, பிறகு ஓசைப்படாமல் இ-க்கே திரும்பிவிடும். ஏற்றுவது எளிது, எல்லோரும் செய்கிறார்கள். இறக்குவதுதான் வேலை. கிராமி விருதில் குரல் அமைப்புக்கான பரிசு இந்தப் பாட்டுக்குத்தான் கிடைத்தது.

பன்னிரு தந்தி:
பாண்டி சொன்னதை ஏற்கிறேன், பாதி. ‘நியூ கிட்’டில் இருப்பது டெக்ஸாஸ்-மெக்ஸிகோ எல்லையோர வாசனை, பேஞ்சோ கன்ட்ரி வேறு. 1975-ல் ‘லையின் ஐஸ்’ கன்ட்ரி தரவரிசையிலேயே எட்டாவது இடம் வரை போனது. இந்த ஆல்பத்தில் அப்படி நாஷ்வில் வானொலி எடுத்துப் போடக்கூடிய பாட்டு எது?

கன்ட்ரி ராக் என்று நான் ஒப்புக்கொள்வது ‘ட்ரை அண்ட் லவ் அகெய்ன்’ ஒன்றைத்தான். மைஸ்னர் எழுதிப் பாடியது. பைர்ட்ஸ் பேண்ட் காலத்துக் கலகலக் கிட்டார், உயர்ந்து போகும் குரல். போகோ என்ற கன்ட்ரி ராக் பேண்டைத் தொடங்கியவர்களில் ஒருவர் அல்லவா. ஈகிள்ஸில் அவர் எழுதிய கடைசிப் பாட்டும் இதுதான். யாரும் பேசாத பாட்டு, ஆல்பத்திலேயே எனக்கு மேலானது.

தாளக்கட்டு:
டைட்டில் பாட்டுக்கும் மேலா?

பன்னிரு தந்தி:
மேலேதான். டைட்டில் பாட்டைக் கடைசி இரண்டு நிமிடத்துக்காகக் கேட்கிறோம், இதை முழுசாகக் கேட்கலாம்.

கேசட்காலம்:
‘ப்ரெட்டி மெய்ட்ஸ்’ பற்றி? வால்ஷ் சொந்தமாகப் பாடியது அது ஒன்றுதான்.

பாஸ் பாண்டி:
இருக்கு. போகுது.

ஊசிமுனை:
‘வேஸ்டட் டைம்’ விஷயத்தில் ஸ்ட்ரீமிங் ஆட்கள் செய்யும் அநியாயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘ஒரே பாட்டு முடிந்ததும் உடனே அதையே வயலினில் வாசிக்கிறார்கள், எதற்கு இந்த ரீப்ரைஸ்’ என்கிறார்கள். இசைத்தட்டில் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு ‘வேஸ்டட் டைம்’. ரீப்ரைஸ் இரண்டாம் பக்கத்தின் முதல் துண்டு, 1 நிமிடம் 22 நொடி, ஜிம் எட் நார்மனின் தந்தி வாத்திய அமைப்பு. நடுவில் எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். அந்த இடைவெளிக்குப் பிறகு விட்ட இடத்தைத் தொட்டுக்காட்டத்தான் அது. அடுத்து ‘விக்டிம் ஆஃப் லவ்’ இடித்துக்கொண்டு வரும், அதற்கு முன் ஒரு மெத்தை வேண்டும். ஸ்ட்ரீமிங்கில் கேட்டால் நாலாவது பாட்டு முடிந்ததும் நிறுத்துங்கள். காபி போட்டுக் குடித்துவிட்டு அஞ்சாவதைத் தொடுங்கள்.

இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்கு வேறு தலைவலி: ‘தி லாஸ்ட் ரிசார்ட்’. 7 நிமிடம் 25 நொடி, இரண்டாம் பக்கத்தின் கடைசி. அந்தப் பக்கம் மொத்தம் 22 நிமிடத்துக்கு மேல். தட்டு சுற்றும் வேகம் மாறாது. ஆனால் உள்ளே போகப் போக வட்டம் சிறுத்து, ஒரு நொடி இசைக்குக் கிடைக்கும் பள்ளத்தின் நீளம் குறைகிறது. மேல் ஸ்தாயி நெளிவுகள் நெருக்கமாகின்றன. ஊசியால் அவற்றைப் பின்தொடர முடியாமல் ஹென்லியின் ‘ஸ’ எல்லாம் ‘ஷ்’ ஆகும். தந்தி வாத்தியங்கள் பொரிந்த மாதிரி கேட்கும். மெதுவாகத் தொடங்கிக் கடைசியில் உச்சத்துக்குப் போகும் பாட்டை உள்வட்டத்தில் வைத்தது தட்டுக்குச் செய்த கொடுமை. ஆனால் ஆல்பம் வேறெங்கும் முடியவும் முடியாது.

செய்ய வேண்டியது: ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜை, அதன் கோணம் பார்க்கும் புரோட்ராக்டர் அட்டை வைத்துச் சரிசெய்யுங்கள். பேர்வால்ட் கணக்கில் இரண்டு புள்ளிகள், தட்டின் மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. இரண்டிலும் கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு இணையாக நிற்க வேண்டும். வெளிப்புள்ளியில் மட்டும் சரிபார்த்துவிட்டு விடுவதுதான் வழக்கமான தவறு. ஊசியின் எடையைத் தயாரிப்பாளர் சொன்ன வரம்பில் மேல்பாதியில் வையுங்கள். 1.5 முதல் 2 கிராம் என்றிருந்தால் 1.8, 1.9. எடையைக் குறைத்தால் தட்டு தேயாது என்பது தப்பு. லேசான ஊசி பள்ளத்துக்குள் துள்ளித் துள்ளிச் சுவரை இடிக்கும், அதுதான் தேய்மானம். கூம்பு ஊசியை விட நீள்வட்ட ஊசி உள்வட்டத்தில் நன்றாகப் போகும். இத்தனைக்கும் பிறகும் பொரிந்தால் தட்டு முன்னவர் கையில் தேய்ந்தது, விட்டுவிடுங்கள்.

தாளக்கட்டு:
அதே ‘லாஸ்ட் ரிசார்ட்’டைப் பதிவு செய்யும்போதும் அவஸ்தைதான். கிரைடீரியாவில் பக்கத்து அறையில் பிளாக் சபாத். சுவர் தாண்டி அவர்கள் சத்தம் கசிந்து, இதைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டி வந்தது.

கேசட்காலம்:
ஆள் மாற்றத்தை நேருக்கு நேர் ஒப்பிட வேண்டுமென்றால் எதைக் கேட்பது?

பன்னிரு தந்தி:
2017-ல் வந்த நாற்பதாம் ஆண்டுப் பதிப்பின் நேரலைத் தட்டு. 1976 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம் அரங்கில் எடுத்தது. ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே ‘ஹோட்டல் கலிபோர்னியா’வையும் ‘நியூ கிட்’டையும் வாசிக்கிறார்கள், கூட்டத்துக்கு இரண்டும் தெரியாது. அதில் ‘டேக் இட் ஈஸி’ இருக்கிறது. 1972 பதிவோடு அடுத்தடுத்துப் போடுங்கள். பாட்டின் எடை எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதே தட்டில் ‘ஃபங்க் 49’-ம் இருக்கிறது. அது ஜேம்ஸ் கேங் பாட்டு. புதிதாக வந்தவர் தன் பழைய வீட்டுப் பாத்திரத்தோடு வந்திருக்கிறார், இவர்களும் அதில் சமைத்திருக்கிறார்கள்.

பாஸ் பாண்டி:
அந்தத் தட்டுல ‘டேக் இட் டு தி லிமிட்’ மைஸ்னர் குரலையும் கேட்டுக்குங்க. கடைசி ஏத்தத்தை ராத்திரிக்கு ராத்திரி அதே உயரத்துல பாடணும்ங்கிறதே 1977 சுற்றுப்பயணத்துல சண்டையாகி, அந்த வருஷமே அவரும் கிளம்பிட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் டிமோத்தி பி. ஷ்மிட். போகோவுல மைஸ்னர் காலி பண்ணின நாற்காலியிலயும் இவர்தான் உக்காந்தாரு. என் கணக்குப்படி ஈகிள்ஸோட குரல் மாறினது அப்பதான், லெடன் போனப்ப இல்ல. மேல இருந்த குரல் நெஞ்சிலேருந்து வர்றது நின்னு, மெல்லிசான ஃபால்செட்டோ, அதாவது கள்ளக்குரல், ஆயிடுச்சு.

மேளகர்த்தா72:
அதற்கு ‘தி லாங் ரன்’ கேட்க வேண்டும். 1979.

கேசட்காலம்:
அடுத்த ஆல்பம் அதுவே இருக்கட்டும். ‘ஐ கான்ட் டெல் யூ வை’யில் ஷ்மிட்டின் பாஸ் வரியைப் பாண்டி எழுதி வைக்கவும். ஃப்ரை வாசிக்கும் சோலோவைப் பன்னிரு தந்தி எடுத்துக்கொள்ளட்டும். ஊசிமுனை சார், அந்தத் தட்டின் உள்வட்டத்தில் என்ன பாட்டு என்று முன்னாலேயே பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஊசிமுனை:
‘தி சாட் கஃபே’. அதுவும் மெதுவான பாட்டுதான். புரோட்ராக்டரை உள்ளே வைத்துவிடாதீர்கள்.